அழுத்துங்க, பிடிங்க, விடுங்க

புகார்க் கடிதம் எழுதியது நான்தான்.
டார்சி கிச்சன்ஸ் என்று பெயரைப் போட்டு,
பச்சை வண்டியின் எண்ணைப் போட்டு,
"இருபத்தேழு மைல் வேகம்" என்பதற்கு
அடிக்கோடும் போட்டு.

ஜார்ஜியாவில் எங்கள் ஊரில்
சாலையைவிட வண்டிப்பாதை நீளம்.
பால் வாங்க, பள்ளிக்கு, தேவாலயத்துக்கு,
எதற்கும் கோல்ஃப் வண்டிதான்.
கோல்ஃப் ஆடத் தெரிந்தவர்கள்தான் குறைவு.
பைன் மரங்களுக்கிடையே
பன்னிரண்டு மைலில் நகரும் ஊர்,
அவசரக்காரனைப்
பின்னந்தலையிலேயே கண்டுகொள்ளும்.

அவன் லித்தியம் பேட்டரி போட்டான்.
மோட்டாரை மாற்றினான், கன்ட்ரோலரை மாற்றினான்.
நிற்பதற்கு மட்டும்
கம்பெனிக்காரன் கொடுத்த அதே இரண்டு டிரம்,
பின்சக்கரங்களில்.
துருப்பிடித்த கேபிள் இழுத்தால்
கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்துவரும்.
முன்சக்கரங்களுக்கு
பிரேக் என்ற சொல்லே தெரியாது.

ஏப்ரலில் ஒரு விடியலில்
ஏரிக்கு இறங்கும் சரிவில்
ஓர் ஆமை பாதையைக் கடந்துகொண்டிருந்தது.
மகரந்தம் மஞ்சளாய்ப் படிந்த தார்.
மிதித்தான்.
வலது டிரம் மட்டும் பிடித்தது.
ஆமை பிழைத்தது.
வண்டி கோரைக்குள், முழங்கால் சேற்றில்,
முகப்பு விளக்கு எரிந்தபடி.

இரவுப் பணி முடிந்து வந்தவள்
மருத்துவமனைச் சீருடையோடே இறங்கி
அவன் கழுத்தை எலும்பு எலும்பாகத் தடவிப் பார்த்தேன்.
பற்கள் தந்தியடிக்கச் சொன்னான்:
"மிஸ் வெர்லின், கடிதத்துல
இதையும் சேர்த்துக்கோங்க."

சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மதியம்,
என் கதவைத் தட்டினான்.
கையில் காலி ஜாம் பாட்டில்,
கண்ணாடி மாதிரி ஒரு ரப்பர் குழாய்.
"பிரேக் லைன்ல காத்து இருக்கு.
ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் திருகாணியைத் திறக்கணும்.
தெருவுல வேற யாரும் இல்ல."
பொய்.
எதிர்வீட்டு பக்ஸ்டன் குடும்பம்
வாசலில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது.
அந்தப் புகை எங்கள் இருவர்மேலும்தான் வந்தது.

முன்சக்கரங்களில் புதுத் தகடுகள்.
ஒன்றில் என் முகம் வளைந்து தெரிந்தது.
அவன் தரையில் படுத்துக்கொண்டான்.
நான் ஏறி உட்கார்ந்தேன்,
எழுத்துமூலம் நான் எதிர்த்த இருக்கையில்.

"அழுத்துங்க."
பெடல் பஞ்சாய்த் தரைவரை போனது.
"பிடிங்க."
பாட்டிலுக்குள் குமிழ்கள்,
பேச வந்து திக்குகிறவன் மாதிரி.
"இப்ப விடுங்க."

ஊசிக்குழலைத் தட்டித் தட்டிக்
காற்றை வெளியேற்றுவது
இருபது வருடமாக என் வேலை.
ஒரு குமிழ் என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை. மிதித்தேன்.

ஒருமுறை அவன் மூடுவதற்குள்
காலை எடுத்துவிட்டேன்.
வெளியேற்றியதெல்லாம் திரும்ப உள்ளே.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"புதன்கிழமை கூட்டத்துல பேசுவீங்களா?"
வண்டிக்கு அடியிலிருந்து குரல்.
"பேசுவேன்."
"சரி. அழுத்துங்க."

நாற்பதாவது தடவையோ என்னவோ,
பாதியிலேயே பெடல் கல்லாய் நின்றது.
என் பாதத்துக்கு அடியில் யாரோ
கை வைத்துத் தடுத்த மாதிரி.
இருவரும் கொஞ்ச நேரம் அசையவில்லை.
பக்ஸ்டன் வீட்டு நாய் குரைத்தது.

புதுக் கட்டைகள் தகட்டோடு பழக வேண்டுமாம்.
தேவாலயத்தின் காலி நிறுத்துமிடத்தில்
இருபதிலிருந்து ஐந்துக்கு, பத்துத் தடவை,
கருகிய வாசனை வரும்வரை அவன் ஓட்டினான்.
ஆறட்டும் என்று காத்திருந்தோம்.
பிறகு இறங்கி,
சுற்றி வந்து, என் பக்கம் நின்று
சாவியை நீட்டினான்.

இருபத்தேழு.
கண்ணில் நீர் வரவைக்கும் வேகம் அது, நாற்புறமும் திறந்த வண்டியில்.
பிடித்திருந்தது என்பதை
எந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன்.

மிதித்தேன்.
நான்கு சக்கரமும் ஒரே மூச்சில் கேட்டன.
வெள்ளைக்கோட்டுக்கு ஓரடி முன்னால்
நானும் அவனும் வண்டியும் நின்றுவிட்டோம்.
அவன் தொப்பி மட்டும்
நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.