வியாழன், ஐந்தரை மணி

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் பிடித்து நிற்கிறது
மூக்குக் கண்ணாடிக் கடை ரசீது ஒன்று.
என் தங்கை மகன் ஒசாகாவில் வாங்கியது.
கண் அவனுடையது, பணம் அவனுடையது.
கடைசி வரி மட்டும் எங்களுடையது:
விற்பனை, மிஹாரு.

புதன் விடுமுறை. காலை பத்து முதல் இரவு எட்டு.
வேறெதையும் அது சொல்லவில்லை.
நாலு வருஷத்தில் எங்களுக்கு வந்த
நீளமான கடிதம் அதுதான்.

ஆகவே வியாழன்.
நண்டுக் காலம் தொடங்குமுன் என்றால்
ஐஸ் ஆலையில் இரண்டு நாள் லீவு தருவார்கள்.
யொனாகோவிலிருந்து பேருந்து, ஜன்னலோரம் இத்ஸுகோவுக்கு.
மலைவளைவில் அவளுக்குக் குமட்டும்;
எலுமிச்சை மிட்டாய் ஒரு பொட்டலம்.
அந்த ஊர் மின்படியில் வலப்பக்கம் நிற்க வேண்டுமாம்.
உமேதாவில் தரைக்கு அடியில் இன்னொரு ஊரே இருக்கிறதாம்.
தொலைந்தால் தேடக் கூடாது,
நின்ற இடத்திலேயே நிற்பது என்று முடிவு.
ரெண்டு பேருமே நின்றுகொண்டிருந்தால்? என்றாள்.
பதில் எழுத
தாளில் இரண்டு வரி விட்டிருக்கிறேன்.

பிறகு அந்தத் தெரு.
உள்ளே போகப்போவதில்லை. அதில் எங்களுக்குள் சண்டையில்லை.
எதிர்ச்சாரியில் நடப்போம், ஒரே ஒரு தடவை.
மெலிந்திருக்கிறாளா, முடியை வெட்டிவிட்டாளா,
யாரோ ஒருவர் காதுக்குப் பின்னால்
கம்பியைச் சரிசெய்யும்போது
இன்னும் நாக்கைக் கடித்துக்கொள்கிறாளா.
அவ்வளவுதான்.
திரும்பி வருவது வேறு தெரு வழியாக.

காலையில் போனால் தெரு காலியாக இருக்கும், பளிச்சென்று தெரிவோம்.
ஐந்தரை மணிக்கு
பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள்கள், ராத்திரிச் சமையலுக்கு வாங்குபவர்கள்,
கூட்டத்தோடு கூட்டமாக.

முகத்தை மறைக்கக் குடை என்று எழுதியிருந்தேன்.
இத்ஸுகோ வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்:
அந்தக் கடைத்தெரு முழுக்கக் கூரை போட்டது.
கூரைக்குக் கீழே குடை பிடித்துப் போகும் இரண்டு கிழங்களை
ஒசாகாவே நின்று பார்க்கும்.
குடையை அடித்தேன்.

எதிர்ச்சாரி என்பதும் பத்து எட்டுத் தூரம்தான்.
கடையோ கண்ணாடிக் கடை.
கதவு கண்ணாடி. முகப்பு கண்ணாடி.
மாட்டிப் பார்ப்பவர்களுக்கு மேசைக்கு மேசை கண்ணாடி.
அவள் குனிந்தே இருந்தாலும்
ஏதாவது ஒன்றில் நாங்கள் போய் விழுவோம்.

அன்று தொலைபேசியில் நான் சொன்னதை
இத்ஸுகோ இதுவரை திரும்பச் சொன்னதில்லை.
எனக்குத் தெரியும் அவளுக்கு அது
வார்த்தை பிசகாமல் தெரியும்.
திட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

திங்கள் மாலை ஒத்திகை பார்த்தோம்.
தபால் நிலையம்தான் கடை.
எதிரே வலைக் கிடங்கின் ஓரமாக
நாற்பத்தொரு எட்டு.
வேகம் சரி. கழுத்தும் சரி.
உள்ளே முத்திரை குத்திக்கொண்டிருந்த கதோவாகி அம்மாள்
தலையைத் தூக்கியதுதான் தாமதம்,
இத்ஸுகோவின் கை தானாக மேலே போய்விட்டது.
அந்தம்மாவும் ஆட்டினாள்,
ஆட்டியபடியே வாசலுக்கு வந்து
"என்ன, ஊருக்கா?" என்றாள்.

இரண்டாம் தடவையும் போனது.
மூன்றாம் தடவை போனது என் கை.

ராத்திரி தாளை எடுத்துத் திருத்தினேன்.
கை சும்மா இருக்கக் கூடாது, இரண்டிலும் சுமை வேண்டும்.
பேரிக்காய், பெட்டிக்குப் பத்து, ஆளுக்கு இரண்டு பெட்டி.
இத்ஸுகோ கூட்டினாள். நாற்பது.
இதைத் திரும்பத் தூக்கி வர நம்மால் ஆகாது என்றாள்.
யாருக்கு என்று கேட்கவில்லை.
கட்டுவதற்குக் கயிறு இருக்கிறதா என்று
எழுந்து போனாள்.
ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடும் சத்தம்
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.