நானூற்று நாற்பத்து மூன்றாம் வாசல்

பகலில் சுரங்கம் தோண்டுகிறேன்.
இரவிலும் அதே வேலைதான்,
சம்பளம் மட்டும் கிடையாது.

அட்டகாமாவில் மூவாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் முகாம்.
போர்வையை உதறினால் நீலப் பொறி பறக்கும்.
மூக்குக்குள் ரத்தம் காய்ந்து தோலாகிக் கிடக்கும்.
மழை இங்கே காலண்டரில் இருக்கிறது,
ஜூன் மாதத்துப் படமாக.

கம்பெனியின் வலைப்பின்னலுக்கு
அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வாசல்.
ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பூட்டு.
வங்கிக்கும் சம்பளச் சீட்டுக்குமாக விட்டுவைத்த
அந்த நானூற்று நாற்பத்து மூன்றாவதில்
பல்தசார் நிற்கிறான், இருபத்தாறு வயது,
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
"பந்தாட்டம் பார்க்காதீர்கள், ஐயா.
லாரிகள் பேசுவதும் இதே கம்பியில்தான்."
நியாயம்.
எனக்கு வேண்டியதோ நாலு வரி எழுத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் தெற்கே
வால்டிவியாவில் என் வீடு.
தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு பழைய கணினி;
அதன் ஒரு கம்பி கூரைக்கு ஏறி
மழைமானியில் முடிகிறது.
வெளியிலிருந்து அதைக் கூப்பிட முடியாது.
எங்கள் தெரு முழுக்க ஒரே முகவரிக்குப் பின்னால் குடியிருக்கிறது.
அதனால் பழக்கி வைத்திருக்கிறேன்:
இரண்டு நிமிடத்துக்கொரு தரம்
அதுவே வெளியே வந்து
மாத வாடகைக்குப் பிடித்த ஒரு சர்வரில் காத்து நிற்கும்.
நான் இங்கிருந்து போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டு
அது வந்த வழியே
வீட்டுக்குள் போவேன்.

கறுப்புத் திரை.
02.10 — 1.4 மில்லிமீட்டர்.
02.20 — 2.0.
"என்ன படிக்கிறாய்?" என்றான் பக்கத்துக் கட்டில் நிபால்தோ.
"மழை."
அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒன்பதாம் இரவு,
உள்ளே யார் யார் என்று கேட்டால்
என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்.
இஸ்மேனியா. மேசையருகே. 02.47 முதல்.

அவளைக் கேட்காமல் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.
மார்ச்சிலிருந்து ஃபோன் அடித்து அடித்து ஓய்கிறது.
இப்போது ஒரே இயந்திரத்தில் இரண்டு பேரும்,
அவள் நாற்காலியில்,
நான் கம்பியில்.
ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு நிரல்: சீட்டாட்டம்.
தனியாக ஆடுகிற வகை.

அவள் திரையை இங்கே இழுத்துப் பார்க்கலாம்.
கை போனது.
சொந்த வீடானாலும்
ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவனுக்குப் பெயர் வேறு.

ஒரே ஒரு கட்டளை தட்டினேன்:
குறுந்தகட்டுத் தட்டே, திற.

அங்கே அது
இருட்டில் நாக்கை நீட்டியிருக்கும்.

நாற்பது நொடி.
மூடியது. நான் மூடச் சொல்லவில்லை.
மறுபடி திறந்தேன்.
உடனே மூடினாள்.
கோபமா சிரிப்பா,
பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

மூன்றாம் முறை திறந்தது திறந்தபடியே கிடந்தது.
பன்னிரண்டு நிமிடம்.
மழை 0.8. பிறகு 0.2.
சீட்டாட்டம் எப்போது நின்றது, கவனிக்கவில்லை.
பிறகு, மெதுவாகத்தான் தள்ளியிருப்பாள் என்று நினைக்கிறேன்,
மூடியது.

உள்ளே என்ன என்று கேட்டேன்.
"தகடு இல்லை" என்றது.
அதற்குத் தகடு ஒன்றுதான் தெரியும்.
வேறு எதை வைத்தாலும் இல்லை என்றுதான் சொல்லும்.
திருப்பிக் கேட்பதற்குள் நான்கு மணி,
பல்தசாரின் சுவர் எல்லா இணைப்பையும் ஒருமுறை உதிர்த்துக்கொள்ளும் நேரம்.

ஷிஃப்ட் முடிய இன்னும் ஐந்து இரவு.
தினமும் போகிறேன்.
அவள் பெயர் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.
தட்டைத் திறக்க ஒரு வார்த்தை போதும்,
தட்டுவதில்லை.
உள்ளே ஏதாவது இருந்தால்
விழுந்துவிடும்.

மழையை மட்டும் படித்துவிட்டு
வந்த வாசலைச் சாத்திக்கொண்டு வருகிறேன்.