கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை

விடியற்காலை மூன்று பத்துக்கு
பெங்களூரு என்னை வெளியே தள்ளியது.
நீலப் பேருந்தின் படியில் நின்ற ஒருவன்
சில்க் போர்டு, சில்க் போர்டு என்று
யாருடைய தூக்கத்தையோ கலைத்துக்கொண்டிருந்தான்.

ஏறிவிட்டால் கணக்கு எளிது.
சில்க் போர்டு, அத்திப்பள்ளி, ஓசூர்,
சூளகிரியில் ஒரு டீ,
சுங்கச்சாவடி, கிருஷ்ணகிரி,
அப்புறம் கண்ணை மூடித் திறந்தால் காவேரிப்பட்டினம்.
ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றலாம்.
மாதம்மா அப்போதுதான்
சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து
கேனைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

அதுதான் சிக்கல்.

இரண்டு வருட ஒப்பந்தம் என்று போனவன்
நாலாம் மாதம் வருகிறேன்.
லீவு என்று சொல்லியிருக்கிறேன்.
எந்தக் கம்பெனி நாலு மாதத்தில் லீவு தரும் என்று
அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும்.
பேருந்து எடுத்துக்கொள்ளும் ஐந்தரை மணி நேரம்
நான் தயார் செய்ய வேண்டிய வாக்கியத்துக்குப் போதாது.

இன்னொன்றும் உண்டு.
ஓசூரில் மாறும் வண்டியில்
கண்டக்டர் திம்மராயன் இருந்து தொலைப்பான்.
டிக்கெட் கிழிக்கும் முன்பே
"என்ன மாப்ள, அதுக்குள்ளயா?" என்பான்.
அந்த ஒரு 'அதுக்குள்ளயா'வுக்குப் பயந்து
ரயில் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது.
கிருஷ்ணகிரிக்கே கிடையாது.
தேர்தலுக்குத் தேர்தல் சர்வே கல் நடுவார்கள்,
அடுத்த தேர்தல் வரை ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்ளும்.
ரயிலில்தான் போவேன் என்றால்
ராயக்கோட்டை வழியாக
ஊரைக் கிழக்கே ஒதுக்கிவிட்டுத்
தருமபுரி வரை போய்,
பஸ் பிடித்து
வடக்கே திரும்பி வர வேண்டும்.
மூளையுள்ளவன் செய்கிற வேலை இல்லை.

அதுவும் மதியத்துக்கு மேல் கிளம்பும் பாசஞ்சர்.
கயிறு கட்டிய பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்து
ஸ்டேஷன் பெஞ்சில் அரை நாள்.
நாலு இட்லியை இரண்டு தவணையாகத் தின்றேன்.
பெட்டிக்குள் மகளுக்கு ஒரு டப்பா பேரீச்சை,
விமான நிலையத்தில் வாங்கியது.
வெளியே தெருவில் பாதி விலை.

மாரண்டஅள்ளியில் ஒருத்தி ஏறினாள்,
தக்காளி விற்ற பணத்தை
இடுப்பில் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி.
"எந்த ஊரு?"
"காவேரிப்பட்டினம்."
"அதுக்கு ஏன் இந்த வண்டில வர?"

சொல்லிவிட்டேன்.
கம்பெனி மூடியது,
ஏஜெண்டுக்குக் கட்டிய ஒன்றரை லட்சம்,
அந்த ஒன்றரையில்
மாதம்மாவின் இரண்டு மாடுகளில் ஒன்று.
ஒத்திகை பார்த்த வரிகளில் ஒன்றுகூட வரவில்லை.

அவள் ஆறுதல் சொல்லவில்லை.
"போன வாரம் ஒரு பெட்டி ஐநூறுக்குப் போச்சு.
இன்னிக்கி நூத்தி இருவது" என்றாள்.
பாலக்கோட்டில் காலிக் கூடையோடு இறங்கிப் போனாள்.

தருமபுரி வருவதற்குள் போன்.
"எங்க வர? பர்கூரா, சூளகிரியா?
பர்கூர் இல்ல, அது வேற ரோடு. எங்க வர?"
"ரயில்ல வரேன்."
கொஞ்ச நேரம் தண்டவாளச் சத்தம் மட்டும்.
"நமக்கு ஏது ரயிலு?"
என்னிடம் பதில் இல்லை.
அங்கே ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஒலி,
மாடு ஒன்று தலையாட்டும் மணி.
ஒரே மணி.

பிறகு, பால் கணக்குச் சொல்லும் அதே குரலில்:
"தருமபுரில எறங்கி ஆட்டோ புடிக்காத, நட.
கிருஷ்ணகிரி வண்டி எல்லாம் பைபாஸ்லயே போயிடும்.
ஊருக்குள்ள போகுமான்னு கேட்டு ஏறு.
நம்ம ஊரு சில்லறை கையில இருக்கா?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.
நாற்பது ரூபாய் இருந்தது,
இட்லி வாங்கிய மீதி.