மண்டபம் காலி

பதினொன்றரைக்கு அதை ஓடவிட்டுப் படுத்தேன்.
மஞ்சக்குப்பம் முழுக்கக் கரண்ட் இல்லை.
இன்வெர்ட்டரில் மடிக்கணினி மட்டும்
மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

முப்பது வரி நிரல்தான்:
முதல் பக்கத்தில் நுழை,
கண்ணில் படும் சுட்டிகளை வரிசையில் நிறுத்து,
ஒவ்வொரு கதவாகத் தட்டு,
தட்டியபின் இரண்டு நொடி பொறு.
பார்த்த பக்கத்தை மறுபடி பார்க்காதே.

திருப்பாப்புலியூர் மண்டபத்துக்காரர் தனவேலுக்குப்
புதுத் தளம் வேண்டும்.
"பழசுல என்னென்ன கெடக்குன்னு
ஒரு லிஸ்ட் குடும்மா" என்றிருந்தார்.
வருஷத்துக்கு நாற்பது முகூர்த்தம், பத்துப் படம்,
பந்தி மெனு. வேறென்ன இருக்கப்போகிறது?

ஆறரைக்கு எழுந்து பார்த்தால்
பன்னிரண்டாயிரத்து அறுநூறு முகவரிகள்.

நாட்காட்டி.
'அடுத்த மாதம்' என்று ஒரு பொத்தான்,
எந்த மாதத்திலும் அது இருக்கும்.
விடாமல் அழுத்தியிருக்கிறது.
2541 ஆவணி: மண்டபம் காலி.
கெடிலம் அப்போது எந்தப் பக்கம் ஓடுமோ,
கடல் எதுவரை ஏறியிருக்குமோ,
மண்டபம் காலி.

'முந்தைய மாதம்' இன்னொன்று.
1509 தை.
தேவனாம்பட்டினத்தில் கோட்டை இல்லை, வெள்ளைக்காரன் இல்லை,
ஏசி ஹால் தயார்,
ஒரே நேரத்தில் முந்நூறு இலை.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆண்டுக்கு ஒரு வேலி போட்டேன்.
குப்பை உதிர்ந்து இருநூற்றுப் பதின்மூன்று நின்றன.
அதில் ஒன்றுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வழி கிடையாது,
மாதம் மாதமாக நடந்து வந்தால்தான் கிடைக்கும்.

வைகாசி இருபத்தாறு. பதிவு ரத்து.
மணமகன்: ஒரு கோடு.
மணமகள்: அஞ்சலாட்சி.
முன்பணம் ஐயாயிரம், திருப்பித் தரப்படவில்லை.

யாரோ நல்ல மனசுக்காரர்
அவன் பெயரை அழித்திருக்கிறார்.
என் பெயரை மறந்துவிட்டார்.

மறுபடி பார்க்காதே என்பது
நிரலுக்கு எழுதிய வரி.
எனக்கு யாரும் எழுதவில்லை.
டீ ஆறி ஏடு கட்டியது.

எட்டு மணிக்கு தனவேல் அழைத்தார்:
"எவ்ளோம்மா வந்துச்சு?"
"இருநூத்திப் பதிமூணு சார். அனுப்பிட்டேன்.
பில்லும் அதுலயே இருக்கு."

சுட்டிகள் சேகரிக்க, நாலாயிரம்.
அதன் கீழே, பழைய பாக்கி, ஐயாயிரம்.
ஆதாரத்துக்கு
ஒரு முகவரி.