கவை

குஷிரோவில் ஜூன் மாதமும் பனிமூட்டம்தான்.
துறைமுகச் சங்கு ஊதி ஓய்ந்த சனிக்கிழமைகளில்
முனகாதாவின் பல் மருத்துவமனைக்குப் போவேன்,
பல்லுக்காக அல்ல,
காத்திருப்பு அறையில் இருக்கும் மீனுக்காக.

தொட்டியில் இருபத்தாறு டிகிரி உப்புநீர்.
ஜன்னலுக்கு வெளியே கடல் கல்லாய்க் குளிர,
நீல உடம்பில் மஞ்சள் கோடு போட்ட வெப்பக்கடல் மீன்
யாருடைய சொத்தைப்பல்லையும் பொருட்படுத்தாமல் திரும்பும்.

"முன்பதிவு இல்லாமல் உட்காரக் கூடாது" என்றாள்
வரவேற்பு மேசையில் இசோகாய்.
ஆகவே முன்பதிவு செய்தேன்.
ஆராய்ச்சிக்காக இதுவரை
இரண்டு பல் அடைத்து, ஒன்று பிடுங்கியாயிற்று.

என் கணிதத்தில் இரண்டே பேர்.
ஒருத்தி தன்னைத் தானே பெருக்கிக்கொள்பவள், நடை மெதுவு.
மற்றவள் அவளிடமே பிறந்து
அவளை முந்திக்கொண்டு ஓடி
அக்கம்பக்கத்தில் அவள் முளைக்காதபடி பார்த்துக்கொள்பவள்.
தூண்டி, தடுப்பி.
பரவினால் கரையும் என்றுதான் பள்ளியில் படித்தேன்:
தண்ணீரில் மைத்துளி,
எங்கும் நிறைந்து கடைசியில் எங்கும் இல்லை.
அதே பரவல் இரண்டு வேகத்தில் நடந்தால்
கோடு கிழிக்கும் என்று
திரையில் முதன்முதலாகப் பார்த்த இரவு
கடைசி ரயிலை விட்டுவிட்டேன்.

நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தபோது
இன்னும் நன்றாகப் புரிந்தது.
வலிக்கும் இடம் கடுகளவு.
அது அனுப்பும் ஏதோ ஒன்று முன்னால் ஓடி
மற்ற பற்களை எல்லாம் வாயடைத்துவிடுகிறது.
"வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்" என்கிறார் முனகாதா.
நான் அலைநீளம் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மீன் வளர்ந்தது. கோடுகள் அகலவில்லை.
சட்டை சிறுத்தால் நாம் தையலைப் பிரிப்போம்,
மீன் நடுவில் புதுக் கோட்டை நுழைக்கிறது.
ஒரு கோடு இரண்டாய்க் கவைவிட்ட இடம்
வாலை நோக்கி நகரும்,
ஜிப் திறப்பதுபோல்,
வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக.
அக்டோபர் இரண்டாம் வாரம் கவை வாலடியைத் தொடும்
என்றது கணினி.
இசோகாய் நாட்காட்டியில்
பென்சிலால் ஒரு மீன் வரைந்துவைத்தாள்,
நோயாளிகளின் பெயர்களுக்கு நடுவே.

ஆகஸ்டில் கவை நின்றது.
ஒரு வாரம். நான்கு வாரம்.
மாறிலிகளைக் குடைந்தேன்.
பரவல் வீதம், சிதைவு வீதம், எல்லை நிபந்தனை.
திரையில் இருந்த என் மீன்
நாள் தவறாமல் பிரிந்துகொண்டே போனது.

"அங்கே தாண்டாது" என்றாள் இசோகாய்,
ரசீதிலிருந்து தலை நிமிராமல்.
"பிப்ரவரியில் ஹீட்டரில் உரசிச் சுட்டுக்கொண்டது.
அந்த வாரம் பனிப்புயல், நீங்கள் வரவில்லை.
ஆறிவிட்டது. பார்த்தால் தெரியாது."

பார்த்தேன். தெரியவில்லை.
படத்தைப் பெரிதாக்கினேன்:
அரிசியில் பாதி.

என் மீன் ஒரு செவ்வகம்.
செவ்வகத்துக்குச் சூடு பட்டதே இல்லை.

அன்றிரவு அதில் அரை அரிசி அளவு துளை போட்டேன்.
உள்ளே எதுவும் போகாது, எதுவும் வராது.
கவை வந்து முட்டி நின்றது.
வெகுநேரம் நின்றது.
பிறகு கீழ்ப்பக்கமாய் வளைந்து சுற்றிப் போகத் தொடங்கியது.
கட்டங்களை இன்னும் பொடிப்பொடியாக்கி
மறுபடி ஓட்டினால் வளையவில்லை.
எது மீன், எது என் கட்டம்,
விடியும்வரை தெரியவில்லை.

சனிக்கிழமை போனேன்.
நாட்காட்டி மீனை அழித்திருந்தாள்,
வால் மட்டும் சரியாக அழியவில்லை.
"அடுத்த வாரம் எந்தப் பல்?"
மேலே, இடதுபுறம், என்றேன்.
அங்கே எதுவும் வலிக்கவில்லை.

மீன் கண்ணாடியருகே வந்து
நின்று
மெதுவாகத் திரும்பி மறுபக்கத்தைக் காட்டியது.
அந்தப் பக்கத்தை நான்
ஒருமுறைகூடப் படம் எடுக்கவில்லை.