லீவு

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
கல்லுக்கு முன்னால் நிற்கிற ஆள் நான்.
ராத்திரிக்கு இருபது கிலோ மைதா.
பதினோரு மணிக்குக் கடை எடுத்துவைக்கையில்
வாழையிலைக்குள் ரெண்டு புரோட்டா, ஒரு பை சால்னா,
முதலாளி கணக்கில் எழுதாத பார்சல்.

சைக்கிள் மணி கேட்டதும்
இசக்கிதுரை எழுந்துவிடுவான்.
கண் திறக்காது, வாய் திறக்கும்.
என் தொடையில் சாய்ந்து அவன் மெல்லுகிற
அந்தச் சத்தத்துக்குத்தான்
இத்தனை நேரம் நின்றேன் என்றிருக்கும்.

காலையில் அவன் இட்லி
வைத்தது வைத்தபடி காய்ந்து கிடக்கும்.
ஆவுடை ஒன்றும் சொல்ல மாட்டாள்.
பீடி இலை நறுக்குகிற கத்தரி மட்டும்
கொஞ்சம் சத்தமாய் நறுக்கும்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்து
"வெளிறிக் கிடக்கே" என்றார் டாக்டரம்மா.
"ராத்திரி என்ன குடுக்கீங்க?"
நான் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை
வாசிக்கத் தொடங்கினேன்.

பார்சல் இல்லாத முதல் ராத்திரி
மணியைக் கையால் பொத்தியபடி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.
நாய்கூட எழவில்லை. அவன் எழுந்துவிட்டான்.
என் கையைப் பார்த்தான்.
வெளியே போய்க் கேரியரைப் பார்த்துவிட்டு வந்தான்.
"கடை லீவாப்பா?"
லீவு என்றேன்.

நாலு நாள் லீவு விட்டேன்.
ஐந்தாம் நாள் பள்ளிக்கூட வேனிலிருந்து
நான் மாவு பிசைவதைப் பார்த்துவிட்டான்.

அதன்பிறகு வீட்டில் போர்.
முருங்கைக்கீரை தரைக்கு வந்தது,
சீனியவரைக்காய் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது.
தடியங்காய்க் கூட்டைக் கண்டாலே
வாந்தி வருகிற மாதிரி ஒரு நடிப்பு.
தின்றால் அஞ்சு ரூபாய் என்றேன்.
பத்து கேட்டான்.

ஆவுடைதான் கேட்டாள்:
"அவன் முன்னால நீங்க
என்னைக்காவது ஒரு வாய் காய் தின்னிருக்கீங்களா?"

யோசித்தேன்.
பிய்ந்துபோன புரோட்டாவைச் சால்னாவில் முக்கி
நின்றபடியே விழுங்குகிறவன்.
பதினாறு வருஷம்.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
கடை உண்மையிலேயே லீவு.
பாவூர்சத்திரத்துச் சரக்கில் சிறுகிழங்கு வந்திருந்தது,
மண்ணும் வேருமாக, எலிக்குஞ்சுகள் மாதிரி.
விரலால் உரித்தால் பொழுது போய்விடும்.
சாக்கில் போட்டு வாயைக் கட்டி
துவைக்கிற கல்லில் ஓங்கி ஓர் அடி.
கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது.
இன்னோர் அடி.
"என்னப்பா, புரோட்டா அடிக்கியா?
நானும்."

அடித்தான். சாக்கு இழுத்து விழுந்தான்.
எழுந்து, அதற்காகவே இன்னும் ரெண்டு அடித்தான்.
தண்ணீர் ஊற்றித் தேய்த்து அவிழ்த்தால்
பாதி வெளுப்பு, பாதி இன்னும் மண்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான்.
வயிறு பெருத்த கிழங்குக்கு
எங்கள் முதலாளி பெயர்.

தேங்காயும் மிளகாய்வற்றலும் அரைத்துப் பிரட்டி
மூன்று தட்டிலும் ஒரே பொரியல்.
சம்மணம் போட்டதில் முழங்கால் சொடக்கிட்டது.
அவன் தின்னவில்லை. என்னைப் பார்த்தான்,
என் தாடையை, தொண்டையில் இறங்குவதை,
லைசென்ஸ் கேட்கிற போலீஸ்காரன் மாதிரி.
சொன்னால் வெட்கம், அந்த மண்வாசம்
எனக்கே ரெண்டு கவளம் வரை பிடிபடவில்லை.

பிறகு முதலாளியை எடுத்து
வாயில் போட்டான்.
"மாவா இருக்கு."
பாராட்டா, புகாரா?
கேட்க வந்த வாயில்
இன்னொரு கிழங்கைப் போட்டுக்கொண்டேன்.

மூன்று தின்றான்.
மிச்சத்தை ஆவுடை தட்டுக்குத் தள்ளினான்.

கீரைக்கு இன்னும் சண்டைதான்.
எதிர்வீட்டு ஆட்டுக்கு
எங்கள் ஜன்னல் தெரியும்.

இப்போது மணி அடித்துக்கொண்டே வருகிறேன்.
சில ராத்திரி எழுகிறான், சில ராத்திரி இல்லை.
எழுந்தால் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு
என் உள்ளங்கையை இழுத்து மோந்து பார்ப்பான்.
எவ்வளவு சோப்பு போட்டாலும்
அதில் சால்னா இருக்கும்.
மோந்தபடியே
தூங்கிவிடுவான்.