பதினேழாம் கொக்கி

டண்டியில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.
அருங்காட்சியகக் கதவைத் தள்ளி
முதலில் உள்ளே நுழைவது அதுதான்,
ஆட்கள் பிறகு.

நான் கோட்டு வாங்கி வைப்பவள்.
சனி, ஞாயிறு, பத்திலிருந்து ஐந்து வரை.
எண்பது கொக்கிகள், எண்பது பித்தளை வில்லைகள்.
நாற்பத்தொன்று தொலைந்து ஒரு வருடமாகிறது.
வீட்டில் முட்டை வாங்கும்போதுகூட
நாற்பதுக்குப் பின் நாற்பத்திரண்டு என்கிறேன்.

மாடியில் திமிங்கிலத்தின் தாடையெலும்பு,
மணிக்கொருமுறை ஓட்டிக் காட்டும் சணல் தறி.
அதன் சத்தம் என் மேசைக்கு வந்து சேரும்போது
தூரத்தில் யாரோ தகரப் பெட்டியை உலுக்குவதுபோல் இருக்கும்.
எனக்கு வாய்த்தது கோட்டுகள்.
நனைந்த கம்பளியில் நாய் வாசம் அடிக்கும்.
முதல்முறை சேர்ந்து வரும் ஜோடிகள்
தனித்தனி வில்லை கேட்பார்கள்;
திரும்பும்போது சிலர்
ஒன்றே போதுமாயிருந்ததே என்பதுபோல் நிற்பார்கள்.

படித்தது ஆவணவியல், முதுகலை.
கடன் இன்னும் பதினோரு ஆண்டு.

நான் நிற்கும் தரைக்கு நேர் கீழே காப்பகம்.
பதினாறு டிகிரி. அமிலமில்லாத பெட்டிகள்.
மின்தூக்கி திறந்து மூடும் நேரத்தில்
அங்கிருந்து ஒரு குளிர் வரும்.
நான் அதை முகர்வேன்.

வியாழன் மாலைகளில் ஊரெங்கும் அனுமதி இலவசம்.
கத்ரியோனாவும் நானும் எதையாவது பார்க்கப் போவோம்:
தபால்தலை, கண்ணாடிச் சீசா,
ஒருமுறை பல் பிடுங்கும் கருவிகள்.
நான் முதலில் படிப்பது பக்கத்திலிருக்கும் விவரச் சீட்டைத்தான்.
"ஓவியம் பார்க்க வந்தாயா, எழுத்துப்பிழை பார்க்க வந்தாயா?"
என்பாள் அவள்.
'நன்கொடை அளித்தவர் பெயர் தெரியவில்லை'
என்றிருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன்.
அவளுக்குப் பசிக்கும்.

ஏப்ரலில் ஒரு வேலை விளம்பரம்.
காப்பக உதவியாளர், ஒன்பது மாத ஒப்பந்தம்.
நேர்காணலில் மூன்று பேர்.
மூவரின் கோட்டையும் எனக்குத் தெரியும்,
முகங்கள்தாம் புதிதாக இருந்தன.
"ஏன் காப்பகம்?"
நினைவு, சமூகம், வருங்காலத் தலைமுறை
என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்
வாய்க்குள் அடுத்தவர் பல்செட்டுபோல் இடித்தது.
கையுறைகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

எல்லாமே ஒற்றை. மேசைக்கடியில் ஒரு பெட்டி நிறைய.
முப்பது நாளில் எறிந்துவிட வேண்டும் என்பது விதி.
எறியவில்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டினேன்.
'மார்ச் 9. இடது கை. சாம்பல் நிறம்.
கட்டைவிரலில் பச்சை நூலால் தைத்திருக்கிறது.
சாரல். பதினேழாம் கொக்கி.'
இப்படி நூற்றுப் பன்னிரண்டு.

ஒருவர் எழுதிக்கொண்டார். ஒருவர் சிரித்தார்.
நடுவிலிருந்தவர்
தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது.
இரண்டாம் இடம். வருந்துகிறோம்.
தங்கள் விண்ணப்பத்தைக் கோப்பில் பத்திரமாக வைத்திருப்போம்.

பேருந்தில் கத்ரியோனாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
"நீ உள்ளே போய்விட்டாய், பார்" என்றாள்,
"பதினாறு டிகிரியில், அமிலமில்லாத பெட்டிக்குள்."
ஆற்றுப்பாலம் வரை சிரித்தோம்.
அழுதது எந்த நிறுத்தத்தில் என்று
குறித்துவைக்கவில்லை.

நேற்று ஒருவர் வந்து மேசை முன் தயங்கினார்.
காதோரம் நரை, சட்டையில் மீன்பிடிப் படகின் டீசல்.
மார்ச் மாதம், சாம்பல் நிறம், இடது என்றார்.
அரை நிமிடம் ஆகவில்லை, எடுத்து நீட்டினேன்.
போட்டுப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார்.
கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்து
ரொம்ப நேரம் பார்த்தார்.
"நல்ல தையல்.
என்னுடையதை யாரும் தைத்ததில்லை" என்று
கழற்றி, நீவி, திருப்பிக் கொடுத்தார்.

அவர் போன பின்
சீட்டைப் புரட்டி எழுதினேன்:
மே 17. ஒருவர் கேட்டு வந்தார்.
அவருடையது அல்ல.
வெயில்.